பத்தொன்பதாவது ஆள்: ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் ஆள்மாற்றப் பிழையும் அதற்கான தண்டனையும் – புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகரில் ஜூன் மாதத்துச் சனிக்கிழமைக் காலை. பதினாறு வயதுப் பையன் ஒருவன் வெள்ளைக் கோட்டின் மேல் காலணி நுனியை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவன் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் தொடையைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தான். கோட்டைத் தாண்ட இன்னும் நான்கு அடி பாக்கி. பயிற்சியாளர் பெயரைச் சொல்லிக் கத்தினார், பையன் ஓடிவிட்டான். பந்து அப்போது மைதானத்தின் மறு ஓரத்தில் இருந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அங்கிருந்து எதிரணிப் பையனை ஐம்பது மீட்டர் முன்னால் நடத்திக்கொண்டு போனார். எதிரே கோல் கம்பங்கள், இடையில் யாரும் இல்லை. கோல், அதற்கு ஆறு புள்ளி. அந்த ஆட்டத்தை நாங்கள் நான்கு புள்ளியில் தோற்றோம்.

அன்று ஆள்மாற்றத் தாளைக் கையில் வைத்திருந்த தன்னார்வலன் நான். அந்தப் பையன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்கு அடிக்கு ஆறு புள்ளி என்பது நியாயமா என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தேன். இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கும், பிள்ளையைச் சேர்த்துவிட்டு ‘நீங்களும் ஒரு வேலை செய்யுங்கள்’ என்று கிளப் கேட்டதும் விழிக்கிற பெற்றோருக்கும், அந்தக் கேள்வியின் வழியாகவே விதியைச் சொல்லித் தருகிறேன்.

முதல் படி: பெஞ்ச் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள்

ஒரு அணிக்குக் களத்தில் 18 பேர். சாதாரணக் கால்பந்தில் இருப்பதுபோல் வெளியே போனவர் போனவர்தான் என்பது இங்கே இல்லை. பெஞ்சில் இருப்பவர்கள் உள்ளே போகலாம், திரும்பி வரலாம், மறுபடியும் போகலாம். நடுவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறலாம். கோவில்பட்டியில் ஹாக்கி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை உடனே பிடிபடும்.

எல்லைக்கோட்டில் இதற்கென்று ஒரு பகுதியை அடையாளம் இட்டிருப்பார்கள். வெளியே வருபவர் அதன் வழியாகத்தான் வர வேண்டும், உள்ளே போகிறவரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். வருகிறவர் கோட்டைத் தாண்டிய பிறகே போகிறவர் கோட்டைத் தாண்டலாம். ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்படுபவருக்கு மட்டும் விலக்கு. அவரை எந்தப் பக்கமாகவும் கொண்டுபோகலாம். விதி இவ்வளவுதான். இதை நெருக்கடியில் கடைப்பிடிப்பதுதான் கடினம்.

அந்த நெருக்கடி எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. விக்டோரிய லீக்கில் (இன்றைய தேசியத் தொழில்முறை லீக்கான ஏ.எஃப்.எல்.-இன் பழைய வடிவம்) 1930-இல் பத்தொன்பதாவது ஆள் என்று ஒருவரை அனுமதித்தார்கள். 1946-இல் இருபதாவது ஆளையும் சேர்த்தார்கள். இவர்கள் அடிபட்டவருக்குப் பதிலாக ஒருமுறை இறங்குகிறவர்கள். வெளியே போனவர் திரும்ப முடியாது. 1978-இல்தான் இரண்டு பேரை வைத்துச் சுழற்சி முறை தொடங்கியது. 1994-இல் மூன்று பேர், 1998-இல் நான்கு பேர். முதலில் காயத்துக்காக இருந்த பெஞ்ச், பிறகு மூச்சு வாங்குவதற்கான இடமாக மாறியது. நூறு தடவைக்கு மேல் ஆள் மாற்றுவது சாதாரணமாகிவிட்டதால், ஏ.எஃப்.எல். 2014-இல் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 120 மாற்றங்கள் என்று உச்சவரம்பு வைத்தது. 2016-இல் அது 90 ஆனது, 2021-இல் 75. இவ்வளவு குறைத்த பிறகும், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் ஆட்டத்தில் ஓர் அணி 75 முறை வரை அந்தக் கோட்டைச் சரியாகக் கடக்க வேண்டும். ஒரு முறை தவறினால் போதும்.

இரண்டாம் படி: பிழைகளைப் பிரித்துப் பாருங்கள்

‘ஆள்மாற்றப் பிழை’ என்று ஒரே பெயரில் சொல்லப்பட்டாலும், அதற்குள் தன்மையில் வேறுபட்ட விஷயங்கள் கலந்துகிடக்கின்றன.

ஒன்று, நான் மேலே சொன்னது. சக ஆட்டக்காரர் வெளியேறுவதற்கு ஒரு நொடி முன்னால் உள்ளே கால் வைத்துவிடுவது. களத்தில் அந்த ஒரு நொடி 19 பேர். ஆனால் அந்த இருவருமே எல்லைக்கோட்டின் பக்கத்தில், பந்திலிருந்து வெகு தூரத்தில் நிற்கிறார்கள். அணிக்குக் கிடைத்த லாபம் ஏதுமில்லை.

இன்னொன்று, குறித்த பகுதிக்கு வெளியே ஓரடி தள்ளி வருவது அல்லது போவது. இதில் கூடுதல் ஆள் என்பதே இல்லை. வழி தவறியது மட்டும்தான்.

மூன்றாவதுதான் உண்மையான ஆபத்து. வெளியேற வேண்டியவர் வெளியேறவே இல்லை. அல்லது அவருக்குச் செய்தி போகவில்லை. 19 பேர் உண்மையாகவே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் காவல் என்பதால், எதிராளி இல்லாமல் சும்மா நிற்கும் ஒருவர் பெரிய சொத்து. அவரைத் தற்காப்பில் நிறுத்தினால் எதிரணி அடிக்கும் நீளமான பந்தெல்லாம் அவர் கையில் போய் விழும். பந்தைச் சுமந்து வருபவருக்கோ எப்போதும் ஒருவர் தனியாகக் கிடைப்பார். மூன்று நிமிடம் இப்படி ஓடினால் ஆட்டமே திரும்பிவிடும்.

முதல் இரண்டையும் மூன்றாவதையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் என் மனத்தாங்கல்.

மூன்றாம் படி: தண்டனையை மைதானத்தில் அளந்து பாருங்கள்

இந்தக் கணக்கைப் புதியவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். விதி சொல்வது இது: பிழை செய்த அணிக்கு எதிராக ஃப்ரீ கிக், அதாவது எதிரணி தடையில்லாமல் பந்தை உதைக்கும் வாய்ப்பு. அதை நடுவட்டத்தில் கொடுப்பதா, ஆட்டம் நின்ற இடத்தில் கொடுப்பதா என்றால், எது பிழை செய்த அணிக்கு அதிகம் வலிக்குமோ அந்த இடத்தில். அதற்கு மேல் ஐம்பது மீட்டர் முன்னேற்றம்.

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தின் நீளம் சுமார் 160 மீட்டர். நடுவிலிருந்து கோலுக்கு 80 மீட்டர். ஐம்பதைக் கழித்தால் 30. நேர் எதிரே முப்பது மீட்டர் என்பது தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் தூரம்.

இப்போது உள்ளூர் மைதானத்துக்கு வாருங்கள். விதிப்படி மைதானத்தின் நீளம் 135 மீட்டரிலிருந்து 185 மீட்டர் வரை இருக்கலாம். 140 மீட்டர் உள்ள ஒரு பூங்கா மைதானத்தில் நடுவிலிருந்து கோலுக்கு 70 மீட்டர்தான். ஐம்பதைக் கழித்தால் 20 மீட்டர். பதினாறு வயதுப் பையனுக்கு அது தவறவே தவறாது. சம்பளம் வாங்கும் ஊழியர்கள் பெஞ்சை நிர்வகிக்கும் பெரிய மைதானத்தில் தண்டனை சற்றே இலேசாகவும், சனிக்கிழமை காலையில் அப்பாவும் சித்தியும் தாளும் பேனாவுமாக நிற்கும் சிறிய மைதானத்தில் அதே தண்டனை கனமாகவும் விழுகிறது. ஐம்பது மீட்டர் எல்லா ஊரிலும் ஐம்பது மீட்டர்தான். ஆனால் மிச்சம் இருக்கும் தூரம் ஊருக்கு ஊர் மாறுகிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசக் கேட்டதில்லை.

பந்து இருந்த இடத்தையும் யோசியுங்கள். உங்கள் அணி எதிரணியின் கோலுக்கு இருபது மீட்டர் தொலைவில் பந்தைப் பிடித்து, அடிக்கத் தயாராக நிற்கிறது. மைதானத்தின் நடுப்பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் ஒரு நொடி முந்திவிட்டார். பந்து உங்களிடமிருந்து பறிபோய், நடுவுக்கு வந்து, அங்கிருந்து உங்கள் கோலை நோக்கி ஐம்பது மீட்டர் போகிறது. உங்களுக்கு வரவேண்டிய ஆறு போயிற்று, எதிரணிக்கு ஆறு சேர்ந்தது. பன்னிரண்டு புள்ளி வித்தியாசம், அதுவும் பந்தின் பக்கத்திலேயே இல்லாத ஒருவரின் ஓரடிக்கு.

நான்காம் படி: தலை எண்ணும் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு மேல் ஒரு பழைய விதி இருக்கிறது. எதிரணியில் ஆள் அதிகம் என்று சந்தேகம் வந்தால், கேப்டன் நடுவரிடம் சென்று எண்ணச் சொல்லலாம். நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், ஆட்டக்காரர்கள் மைதானத்தின் நடுவில் வரிசையாக நிற்க வேண்டும், ஒவ்வொருவராக எண்ணுவார். கூடுதல் ஆள் அகப்பட்டால், அந்த அணி அதுவரை எடுத்த மொத்தப் புள்ளியும் ரத்து. மூன்று கால்பகுதி ஆடி நூறு புள்ளி எடுத்திருந்தாலும் பலகையில் பூஜ்யம். நேரத்தைக் கடத்துவதற்காக வீணாகக் கேட்டார் என்று நடுவர் கருதினால், கேட்ட கேப்டன் மீதே புகார் எழுதலாம். அதனால் கேப்டன்கள் இதைத் தொடவே தயங்குவார்கள்.

இந்த விதி எவ்வளவு ஒருபக்கமாக வெட்டுகிறது என்பதை இரண்டு ஆட்டங்களில் பார்க்கலாம்.

2008 ஏப்ரலில் மெல்போர்ன் டாக்லேண்ட்ஸ் மைதானத்தில் சிட்னி ஸ்வான்ஸும் நார்த் மெல்போர்னும் மோதின. கடைசி நிமிடங்களில் சிட்னிக்குக் களத்தில் 19 பேர். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. நார்த் மெல்போர்ன் தரப்பில் யாரும் எண்ணச் சொல்லிக் கேட்கவில்லை. சிட்னிக்கு அபராதம் விதித்தார்கள். ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. எண்ணச் சொல்லியிருந்தால் சிட்னியின் கணக்கு பூஜ்யம். கேட்காததால் லீக் பட்டியலில் இரு அணிக்கும் இரண்டிரண்டு புள்ளி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஆள்மாற்றத்தைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைப் பலப்படுத்தி, ஃப்ரீ கிக்கோடு ஐம்பது மீட்டர் என்ற தண்டனையை ஏ.எஃப்.எல். கொண்டுவந்தது.

2018-இல் தெற்கு ஆஸ்திரேலிய லீக்கின் அரையிறுதிக்கு நிகரான ப்ரிலிமினரி ஃபைனல். நார்த் அடிலெய்டு அணி கடைசிக் கால்பகுதியை 19 பேரோடு தொடங்கிச் சில நிமிடங்கள் ஆடியது. எதிரணியான வுட்வில்–வெஸ்ட் டொரன்ஸ் ஐந்தே புள்ளியில் தோற்றது. அங்கும் கேப்டன் எண்ணச் சொல்லவில்லை. விசாரணை நடந்தது, தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் முடிவு நின்றது. நார்த் அடிலெய்டு இறுதிப் போட்டிக்குப் போய் நார்வுட்டை வென்று கோப்பையும் வாங்கியது. தோற்ற அணியின் ஆட்டக்காரர்களுக்கு அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. யாரோ கொடுத்த அபராதத் தொகை அவர்களுக்கு என்ன ஆறுதல் தரும்?

இரண்டையும் என் மைதானத்துப் பையனோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்த லாபமும் தராத நான்கு அடிக்கு ஆறு புள்ளி. சில நிமிடம் முழுதாக ஆடிய பத்தொன்பதாவது ஆளுக்கு, கண்ணில் பட்டால் மொத்தப் புள்ளியும் பூஜ்யம்; படாவிட்டால் களத்தில் ஒன்றுமே இல்லை. தண்டனையின் அளவைத் தீர்மானிப்பது பிழையின் அளவு அல்ல, அது யார் கண்ணில் எப்போது படுகிறது என்பது. தண்டனை கனமாக இருப்பதைக்கூட நான் ஏற்றுக்கொள்வேன். இந்த ஏற்றத்தாழ்வை ஏற்க முடியவில்லை.

ஐந்தாம் படி: நியாயத்தை நீங்களே எடைபோட நான்கு கேள்விகள்

ஒரு பிழைக்கு ஃப்ரீ கிக் கொடுக்கப்பட்டதும் கூட்டம் கத்தும். அந்தச் சத்தத்தில் சேருவதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். கூடுதல் ஆள் எவ்வளவு நேரம் களத்தில் இருந்தார்? அந்த நேரத்தில் அவர் ஆட்டத்தில் கலந்துகொண்டாரா, அல்லது கோட்டோரத்தில்தான் இருந்தாரா? அப்போது புள்ளி எதுவும் விழுந்ததா? தண்டனைக்குப் பிறகு பாதிக்கப்பட்ட அணி பிழைக்கு முன் இருந்த நிலைக்கு வந்ததா, அதைவிட வெகுதூரம் முன்னால் போய்விட்டதா?

எதிர்வாதத்துக்கும் உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். இந்தப் பிழை முழுக்க முழுக்க அணியின் கையில் இருப்பது. மழையோ, பந்தின் துள்ளலோ, எதிராளியின் திறமையோ இதற்குக் காரணமில்லை. நின்று, பார்த்து, பிறகு ஓடு என்பதைக் கடைப்பிடித்தால் வாழ்நாள் முழுக்க இந்தத் தண்டனை வராது. தண்டனை இலேசானால், அவசரத்தில் ஒரு நொடி முந்திக்கொள்வதை அணிகள் தந்திரமாகவே செய்யத் தொடங்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் அந்த ஒரு நொடிக்கு விலை இருக்கிறது.

ஆனால் மற்ற ஆட்டங்கள் இதே சிக்கலை எப்படிக் கையாள்கின்றன என்று பாருங்கள். ஐஸ் ஹாக்கியில் ஆள் கூடினால் அந்த அணி இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். கூட ஆடினாய், இப்போது குறைய ஆடு என்ற நேர்க்கணக்கு அது. புல்வெளி ஹாக்கியில் ஆட்டத்தை நிறுத்திச் சரிசெய்துவிட்டு, கேப்டனுக்கு அட்டை காட்டுவார்கள். சாதாரணக் கால்பந்தில் கூடுதல் ஆளோடு கோல் போட்டது ஆட்டம் மறுபடி தொடங்குமுன் தெரிந்தால், அந்தக் கோல் மட்டும் செல்லாது. மூன்றிலும் தண்டனைக்கும் பிழைக்கும் நடுவே ஒரு உறவு தெரிகிறது.

என்னிடம் கேட்டால் ஆஸ்திரேலிய ஃபுட்பாலிலும் படிப்படியாக வைக்கலாம் என்பேன். ஒரு நொடி முந்தியதற்கும் வழி தவறியதற்கும், பந்து இருந்த இடத்திலேயே ஃப்ரீ கிக் போதும், ஐம்பது வேண்டாம். அதே அணி அதே ஆட்டத்தில் மறுபடியும் செய்தால் ஐம்பதைச் சேர்க்கலாம். நடுவில் ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர்கள் நிற்க வேண்டிய இடங்களைப் பற்றி 2019-இல் ஏ.எஃப்.எல். கொண்டுவந்த விதியில், அது வந்தபோது முதல் தவறுக்கு எச்சரிக்கை இருந்தது, அடுத்ததற்குத்தான் ஃப்ரீ கிக். அங்கே காட்டிய பொறுமையை இங்கேயும் காட்டலாம். பத்தொன்பதாவது ஆள் உண்மையாகவே ஆடியிருந்தால், ஃப்ரீ கிக்கும் ஐம்பதும் தகும். கூடவே அவர் களத்தில் இருந்த நேரத்தில் அவருடைய அணி எடுத்த புள்ளிகளை மட்டும் கழிக்க வேண்டும். காலையிலிருந்து நேர்மையாக எடுத்த மொத்தப் புள்ளியையும் அழிக்கிற விதி போக வேண்டும். அது இருக்கும் வரை கேட்கும் கேப்டனுக்கும் தயக்கம், எண்ணும் நடுவருக்கும் தயக்கம்.

ஆறாம் படி: பார்வையாளராக எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் 36 பேரில் ஓர் அணியை எண்ணுவது முதலில் முடியாத காரியமாகத் தெரியும். மரபான அமைப்பு மூன்று மூன்று பேராக ஐந்து வரிசை, அதற்கு மேல் பந்தோடு சுற்றும் மூவர். வரிசை வரிசையாகப் பாருங்கள், தலை தலையாக வேண்டாம். ஏ.எஃப்.எல். ஆட்டமானால் இன்னும் எளிது. கோல் விழுந்து நடுவில் மறுபடி தொடங்கும்போது இரு முனைகளிலும் ஆறு ஆறு பேர், நடுச் சதுரத்துக்குள் நால்வர், இரு பக்கமும் ஒவ்வொருவர் என்று நிற்க வேண்டும். அந்தச் சில நொடிகள் களம் தானாகவே எண்ணிக் காட்டும்.

ஏழாம் படி: பெஞ்சின் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால்

உங்கள் லீக்கின் துணை விதிகளை முதலில் வாங்கிப் படியுங்கள். பெஞ்சில் எத்தனை பேர், பிழைக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் வயதுப் பிரிவுக்கும் லீக்குக்கும் ஏற்ப மாறும். பக்கத்து கிளப்பில் கேட்டதை நம்ப வேண்டாம்.

பிறகு, களத்தை எண்ணாதீர்கள், பெஞ்சை எண்ணுங்கள். இதை எனக்கு ஒரு முதிய பெண்மணி சொல்லித் தந்தார். பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்தவர். அணியில் 22 பேர் என்றால் பெஞ்சில் எப்போதும் நான்கு பேர் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தால் களத்தில் 19. உடை மாற்றும் அறையில் ஐஸ் கட்டியோடு படுத்திருப்பவரையும் பெஞ்சுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆள் மாற்றச் சொல்லும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்: ‘இவன் வெளியே, அவன் உள்ளே.’ உள்ளே போகிறவன் பெயரை மட்டும் கத்தினால் அவன் ஓடிவிடுவான். எங்கள் பையனுக்கு நடந்தது அதுதான். போகிறவன் கோட்டிலிருந்து ஓரடி பின்னால் நிற்கட்டும். கோட்டின் மேல் காலை வைத்து நிற்பவன் உடம்பு முன்னால் சாய்ந்தே இருக்கும். வருகிறவன் கோட்டைத் தாண்டிய பிறகு, வெளியே நின்று கையில் தட்டட்டும். அந்தத் தட்டுதான் புறப்படுவதற்கான அடையாளம். பயிற்சியாளரின் குரல் அடையாளம் அல்ல. இதை வாரநாள் பயிற்சியிலேயே பழக்க வேண்டும், ஆட்ட நாளில் சொல்லி வராது.

கால்பகுதி இடைவேளை முடிந்து அணி களத்துக்குத் திரும்பும் நேரம்தான் மிக ஆபத்தானது. 2018-இல் நார்த் அடிலெய்டு சறுக்கியதும் அங்கேதான். பயிற்சியாளர் பலகையில் காந்தங்களை நகர்த்தி நகர்த்திப் பேசியிருப்பார். யார் வெளியே என்பது ஒருவர் காதில் விழுந்திருக்காது. சைரன் ஒலிப்பதற்கு முன் தாளோடு போய் பெஞ்சில் இருப்பவர்களைத் தொட்டு எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் நடுவரிடம் கையைத் தூக்குங்கள். ஆட்டம் தொடங்குமுன் சொன்னால் எந்தத் தண்டனையும் இல்லை.

பிழை நடந்துவிட்டால் பையனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடாதீர்கள். அடுத்த மாற்றத்திலேயே அவனை அனுப்புங்கள். நாங்கள் அன்று அதைச் செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் கோட்டிலிருந்து இரண்டடி பின்னால் நின்றான். பயிற்சியாளர் கத்தினார், அவன் அசையவில்லை. வந்தவன் கோட்டைத் தாண்டி, சேறு படிந்த கையால் அவன் உள்ளங்கையில் ஓங்கித் தட்டினான். அதற்குப் பிறகுதான் ஓடினான்.